தச்சன் கையில் கிடைத்த கல்: பந்தியாய் ஸ்ரெய்

கம்போடியாவின் பந்தியாய் ஸ்ரெய் கோயிலில் மூலவர் இருந்த அறைக்குப் போகும் வாசலின் உயரம் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வளர்ந்த ஆள் தலையைக் குனிந்தால் போதாது, உடம்பை இரண்டாக மடக்கித்தான் நுழைய வேண்டும். நுழைந்துவிட்டாலும் உள்ளே இருப்பது இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர்கூடத் தேறாத அறை. அதன் மேல் எழும் விமானத்தின் உயரம் 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கோர் வாட்டின் நடு விமானம் 65 மீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது ஏதோ மாதிரிக்குச் செய்து பார்த்த பொம்மைக் கோயில் போலத் தோன்றும்.

ஆனால் கம்போடியாவின் பழைய கெமர் அரசர்களின் தலைநகரான அங்கோருக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கோர் வாட்டின் பிரம்மாண்டத்தைப் பேசி முடித்ததும் பலரும் இந்தச் சின்னக் கோயிலுக்குத்தான் வருவார்கள். இளஞ்சிவப்புக் கல், அதில் உள்ளங்கை அளவு இடம்கூட விடாமல் செதுக்கிய வேலை. அழகு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. ஏன் இவ்வளவு சிறியது, ஏன் இவ்வளவு நெருக்கமான வேலை, அந்த வேலைக்கும் கட்டடத்தின் எலும்புக்கும் என்ன உறவு என்று கேட்டால்தான் கோயில் பேசத் தொடங்குகிறது.

முதல் விடை கட்டியவரிடம் இருக்கிறது. இதைக் கட்டியது அரசன் இல்லை. யக்ஞவராகர் என்ற அந்தணர். தாய்வழியில் அரச ரத்தம் உண்டு, முதலாம் ஹர்ஷவர்மனின் பேரன். இரண்டாம் ராஜேந்திரவர்மனின் அவையில் ஆலோசகர். அடுத்துப் பட்டத்துக்கு வந்த ஐந்தாம் ஜெயவர்மனுக்குச் சிறு வயது முதல் ஆசிரியர். நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் உதவியவர் என்று கல்வெட்டு அவரைப் புகழ்கிறது. அவரும் தம்பி விஷ்ணுகுமாரரும் சேர்ந்து எழுப்பிய கோயிலில், கி.பி. 967 ஏப்ரல் 22 அன்று திரிபுவனமகேஸ்வரர் என்ற பெயரில் லிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார்கள். கோயிலைச் சுற்றி இருந்த ஊருக்கு ஈஸ்வரபுரம் என்று பெயர். பந்தியாய் ஸ்ரெய் என்பது பிற்காலத்து வழக்கு. கெமர் மொழியில் பந்தியாய் என்றால் கோட்டை, ஸ்ரெய் என்றால் பெண். ஸ்திரீ என்ற சொல் தேய்ந்துதான் ஸ்ரெய் ஆகியிருக்கிறது.

அரசன் கட்டினால் மலை கட்டுவான். அது அங்கோர் நாட்டு வழக்கம். ராஜேந்திரவர்மனே 961-இல் எழுப்பிய பிரே ரூப் கோயில் படிப்படியாக உயரும் பிரமிடு, உச்சியில் ஐந்து செங்கல் விமானங்கள். கடவுளின் மேரு மலையைத் தலைநகரின் நடுவில் நட்டு வைப்பது அரசனின் உரிமை. அமைச்சர் அந்த உயரத்துக்குப் போக முடியாது, போகவும் கூடாது. அதனால் யக்ஞவராகரின் கோயில் தரையிலேயே நிற்கிறது. தலைநகரிலும் இல்லை. அங்கோரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி, குலென் மலைத்தொடருக்கு அருகில், சியெம் ரீப் ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிறது. உயரத்தில் காட்ட முடியாத பெருமையை வேறு எங்கே காட்டுவது? கல்லின் தரத்திலும் கை வேலையிலும் காட்டலாம். அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

அமைப்பை ஒரு நடை நடந்து பார்த்துவிடலாம். கோயில் கிழக்கு பார்த்தது. வெளிக் கோபுர வாசலின் நெற்றியில், அதாவது வாசலுக்கு மேலே கூரை முகப்பை மூடும் கல்தட்டில், இந்திரன் மூன்று தலை ஐராவதத்தின் மேல் அமர்ந்திருக்கிறான். கோபுரம் என்றதும் நம் ஊர் ராஜகோபுரத்தை நினைக்க வேண்டாம். இங்கே அது நான்கு பக்கமும் கைநீட்டிய சிறு மண்டபம், அவ்வளவே. அங்கிருந்து ஏறத்தாழ 67 மீட்டர் நீளத்துக்குக் கல் பாவிய பாதை. இரண்டு பக்கமும் எல்லைக்கல் போல வரிசையாக நட்ட கற்கள், அவற்றுக்கு அப்பால் இடிந்துபோன நீள மண்டபங்கள். பாதை முடியும் இடத்தில் 95-க்கு 110 மீட்டர் அளவுள்ள வெளி மதில். அதற்குள் அகழி. வெளியே இருக்க வேண்டிய அகழி மதிலுக்குள்ளே இருப்பது வேடிக்கைதான். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும்போது உள்கோயில் முழுவதும் தலைகீழாக அதில் தெரியும். அகழியைத் தாண்டினால் 38-க்கு 42 மீட்டரில் இரண்டாம் மதில். அதற்குள்ளே 24 மீட்டர் சதுரமாக இருந்த செங்கல் மதில் பெரும்பாலும் விழுந்துவிட்டது.

இப்படி வெளியிலிருந்து உள்ளே போகப் போக எல்லாம் சிறுத்துக்கொண்டே வருகிறது. வாசல்களும்கூட. நடுவில் ஆள் இடுப்பளவு உயர மேடை. அதன் மேல் தெற்கு வடக்காக மூன்று விமானங்கள். நடுவிலும் தெற்கிலும் சிவன், வடக்கில் திருமால். நடு விமானத்துக்கு மட்டும் முன்னால் ஓர் இடைநாழியும் மண்டபமும் உண்டு. மண்டபத்துக்கு எதிரே நந்தி இருந்தது, அதன் உடைந்த அடிப்பகுதி இன்னும் கிடக்கிறது. முன்புறம் இரு மூலைகளில் இரண்டு சிறு கட்டடங்கள். ஆராய்ச்சியாளர்கள் இவற்றை நூலகம் என்று அழைத்து, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. படிக்கட்டுகளின் ஓரங்களில் மனித உடலும் குரங்கு, சிங்கம், கருடன், யட்சன் முகங்களும் கொண்ட காவலர்கள் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, இனி கல்லுக்கு வருவோம். மூன்று பொருள்களில் கட்டியிருக்கிறார்கள். மதில்கள் செம்புராங்கல். தோண்டும்போது மெத்தென்று இருந்து காற்றுப்பட்டதும் இறுகும் கல் அது. மேற்பரப்பு முழுக்கத் துளை, உளியில் நுணுக்கம் பேசாது. மறைவான சுவர்களில் கொஞ்சம் செங்கல். கண்ணில் படும் எல்லா இடத்திலும் இளஞ்சிவப்பு மணற்கல். அங்கோரின் பெரும்பாலான கோயில்களில் இருப்பது சாம்பல் நிற மணற்கல். இந்தச் சிவப்புக் கல் அதைவிட மணி பொடியானது, அடர்த்தியானது. உளியை எந்தப் பக்கம் திருப்பினாலும் சில்லு தெறிக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆயிரம் ஆண்டு மழைக்குப் பிறகும் கொடியின் சுருள் முனை கூர்மையாக இருக்கிறது என்றால் அதில் சிற்பிக்குப் பாதிப் புகழ், கல்லுக்குப் பாதி.

மரத்தைப் போல இழைக்கக் கூடிய கல் கிடைத்ததும் கெமர் சிற்பி என்ன செய்தான்? மரத்தைப் போலவே இழைத்தான். இந்தக் கோயிலைப் புரிந்துகொள்ள ஒரு திறவுகோல் வேண்டுமென்றால் எனக்கு இதுதான் முக்கியம். இது கல்லில் செய்த தச்சுவேலை.

நடு விமானத்துக்கு உண்மையான வாசல் கிழக்கில் மட்டும். மற்ற மூன்று பக்கமும் பொய்வாசல்கள். ஒன்றின் அருகில் போய்ப் பாருங்கள். இரட்டைக் கதவு மூடியிருப்பது போல இருக்கும். நடுவில் இரண்டு கதவும் சேரும் இடத்தில் செங்குத்தாக ஒரு சட்டம் ஓடுகிறது, அதன் மேல் இடைவெளி விட்டுக் குமிழ்கள். இரு பக்கமும் சட்டத்துக்குள் சட்டமாக இழைத்த பலகைகள், ஓரத்தில் பூவேலை. தாழ்ப்பாள் ஒன்றுதான் குறை. எல்லாம் ஒரே கல். பக்கத்து ஜன்னல்களில் கடைசல் பிடித்த கல் கம்பிகள் நிற்கின்றன. கட்டில் காலைக் கடைவது போல வளையம் வளையமாகக் கடைந்தவை. கல்லில் அப்படிக் கடைய எந்தக் கட்டடத் தேவையும் இல்லை. தச்சன் வீட்டில் பார்த்த ஜன்னல் அப்படி இருந்தது, கோயிலிலும் அப்படியே இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

வெளிவாசல்களின் முகப்பு இன்னும் வெளிப்படை. அங்கே கூரை முகடு முக்கோணமாக ஏறி, கீழே இரு முனையும் பெரிய சுருளாகச் சுருண்டு நிற்கிறது. மரக்கூரை வீட்டின் இரு சரிவையும் மூடும் பலகையின் வடிவம் அது. உள்ளே போனால் முக்கோணம் மறைந்து அலை அலையாக வளைந்த திருவாசி வடிவம் வருகிறது. ஒரே கோயிலில் இரண்டு மரபும் அடுத்தடுத்து இருக்கின்றன.

இந்த மர வீடுகள் எதுவும் இன்று இல்லை. அங்கோரில் கல் கடவுளுக்கு மட்டும்தான். அரசனும் அரண்மனையில் மரத்தின் கீழ்தான் வாழ்ந்தான். 1296-இல் வந்து ஓராண்டு போலத் தங்கிய சீனத் தூதர் ஜோ தாகுவான், சாதாரண மக்கள் கீற்று வேய்ந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், கூரையில் ஓர் ஓடுகூட வைக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார். ஆக அந்த ஊர்களின் கட்டடக்கலையில் பெரும்பகுதி மக்கி மண்ணாகிவிட்டது. மிஞ்சியது இந்தக் கல் நகல்கள்தான்.

மரத்தைப் பின்பற்றியதில் ஒரு சங்கடமும் உண்டு. மரவிட்டம் நீளமாகப் போகும், கல்விட்டம் போகாது. கற்களை ஆரமாக வெட்டி நடுவில் ஆப்புக்கல் வைத்து வளைவு கட்டும் முறையைக் கெமர் கொத்தர்கள் கையாளவில்லை. இரு சுவர்களிலிருந்தும் கற்களை ஒவ்வொரு வரிசைக்கும் சற்றே உள்ளே தள்ளித் தள்ளி அடுக்கி மேலே சேர்த்துவிடுவார்கள். நம் சிற்பிகள் கதலிகாகரணம் என்று சொல்வதும் இதே உத்திதான். இதில் அகலமான கூடம் கிடைக்காது. சுவர்களுக்கு இடையே கொஞ்சம் கூடுதலாக விட்டால் கூரை சரிந்து விழும். எனவே கெமர் கோயிலின் உள்ளறைகள் எப்போதுமே குறுகலானவை, இருண்டவை. கூட்டம் கூடித் தரிசிக்கும் இடமே அல்ல. பூசை செய்பவர் ஒருவர் உள்ளே போனால் போதும். உள்ளே காட்ட இடமில்லாத ஒரு கட்டட முறையில் எல்லா அலங்காரமும் வெளிச்சுவருக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

சிறிய விமானத்தைப் பெரிதாகக் காட்டவும் ஒரு தந்திரம் செய்தார்கள். விமானத்தின் மேல்தளங்கள் ஒவ்வொன்றும் கீழ்த்தளத்தின் சிறிய நகல். அதே பொய்வாசல், அதே நெற்றி, அதே மூலைகள், ஆனால் அளவு குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு தளத்தின் மூலையிலும் விமானத்தையே கைக்கு அடங்கும் பொம்மையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கீழே நின்று பார்க்கும் கண், தூரத்தால்தான் சிறுத்துத் தெரிகிறது என்று ஏமாந்துவிடும். 10 மீட்டர் விமானம் இரண்டு மடங்கு உயரமாகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

இனி ஒரே ஒரு வாசலின் முன் நின்றுகொள்வோம். நிலையின் இரு பக்கமும் எண்பட்டைச் சிறுதூண்கள், வளையத்துக்கு மேல் வளையமாக ஏறுகின்றன. அவை எதையும் தாங்கவில்லை, அலங்காரம்தான். அவற்றின் மேல் கிடையாக ஒரு விட்டக்கல். அதன் நடுவில் கீர்த்திமுகம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாயிலிருந்து இரு பக்கமும் தடித்த பூமாலை ஒன்று வளைந்து எழுந்து இறங்கி ஓடுகிறது. மாலையிலிருந்து மேலே தீக்கொழுந்து போல இலைகள் நிமிர்கின்றன, கீழே சுருள் இலைகள் தொங்குகின்றன. சுருளுக்குள் சுருள், அதற்குள் ஒரு குட்டி உருவம். மாலைமேல் ஏதோ ஒரு தெய்வம் உட்கார்ந்திருக்கும். எந்தத் தெய்வம் என்பது திசையைப் பொறுத்தது. கிழக்கில் இந்திரன், தெற்கில் எருமைமேல் எமன், மேற்கில் அன்னங்களின் மேல் வருணன், வடக்கில் குபேரன். தலைக்கு மேல் சூரியன் இல்லாத நாளில்கூட விமானத்தைச் சுற்றி வந்தால் திசை தெரிந்துவிடும்.

விட்டத்துக்கும் மேலே, கூரையின் முகப்பை மூடி நிற்கும் வளைந்த கல்தட்டைத்தான் நான் நெற்றி என்று சொல்லி வருகிறேன். அதன் விளிம்பு ஒரு நாகத்தின் உடல். இரு முனையிலும் மகரம் வாயைப் பிளக்க, அந்த வாயிலிருந்து பல தலை நாகமோ சிங்கமோ வெளியே வருகிறது. விளிம்புக்கு உள்ளே கதை. ஒன்றின் பின் ஒன்றாக மூன்று நெற்றிகள் அடுக்கிய இடமும் உண்டு. முந்தைய கெமர் கோயில்களில் நெற்றி பெரும்பாலும் இலையும் கொடியும் நடுவில் ஒரு தெய்வமுமாக இருந்தது. முழுக் காட்சியையே அதற்குள் கொண்டுவந்து நிறுத்தும் துணிச்சல் இங்கேதான் முதலில் தெளிவாகத் தெரிகிறது.

தெற்கு நூலகத்தின் கிழக்கு நெற்றியில் இராவணன் கயிலையை அசைக்கிறான். மலையைச் சிற்பி படிப்படியான பிரமிடாகவே செதுக்கியிருக்கிறான். மலை என்றால் அவன் கண்ணில் அரசன் கட்டும் கோயில்தான் போலும். உச்சியில் சிவன், மடியில் ஒண்டிக்கொண்ட உமை. அடுத்த படியில் முனிவர்கள், ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர் திரும்புகிறார். அதற்குக் கீழே குரங்கு, கருட, சிங்க முகத்துப் பூதகணங்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் காவலர்களும் இதே முகக்காரர்கள் என்பதைக் கவனித்தால் மேடைமேல் இருக்கும் நடு விமானமும் கயிலைதான் என்று பிடிபடும். அடிவாரத்தில் யானைகளும் சிங்கங்களும் சிதறி ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் கீழே, அடுக்கடுக்கான தலைகளோடும் விசிறி போல் விரிந்த கைகளோடும் இராவணன். சிவனின் ஒரு கால் மட்டும் சற்றே இறங்கி அழுத்துகிறது. முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை.

அதே நூலகத்தின் மேற்கு நெற்றியில் காமன். மலை உச்சியில் தவத்தில் இருக்கும் சிவனிடம் உமை ஜபமாலையோடு நிற்க, மறுபக்கம் காமன் கரும்பு வில்லை வளைக்கிறான். அம்பு இன்னும் புறப்படவில்லை. அடுத்த நொடியில் சாம்பலாகப் போகிறவன் என்பது பார்ப்பவருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

வடக்கு நூலகம் கண்ணனுடையது. கிழக்கு நெற்றியில் காண்டவ வனம் எரிகிறது. மேலே ஐராவதத்தில் இந்திரன் மழையைப் பொழிகிறான். மழையை எப்படிக் கல்லில் காட்டுவது? அருகருகே சாய்வான கோடுகளை நெருக்கிக் கீறிவிட்டான் சிற்பி. சின்னப் பிள்ளை சிலேட்டில் மழை வரைவது போலத்தான், ஆனால் அதற்குள் ஒரு நாகம் நெளிந்து எழுகிறது. இரு பக்கமும் தேர்களில் நிற்கும் கண்ணனும் அருச்சுனனும் விட்ட அம்புகள் காட்டின் மேல் பந்தலாகி மழையைத் தடுக்கின்றன. கீழே காட்டு மிருகங்கள் திக்குத் தெரியாமல் ஓடுகின்றன. மேற்கு நெற்றியில் கம்ச வதம். கம்சனின் தலைமுடியைப் பிடித்துச் சாய்க்கிறான் கண்ணன், அரண்மனைப் பெண்கள் பதறுகிறார்கள். கதையைவிட எனக்கு அந்த அரண்மனைதான் பொக்கிஷம். மெல்லிய தூண்கள், அடுக்கடுக்கான கூரைகள். மக்கிப்போன மரக்கட்டடங்கள் எப்படி இருந்தன என்பதற்குச் சிற்பி அறியாமலே விட்டுப்போன வரைபடம் அது.

தெற்கில் சிவன், வடக்கில் திருமால் என்ற விமான வரிசையே நூலகங்களிலும் தொடர்கிறது பாருங்கள். அலங்காரத்தை இடம் கிடைத்த பக்கமெல்லாம் அள்ளித் தெளிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு, இது என் வாசிப்பு. நூலகங்களின் கிழக்கு நெற்றிகள் கோயிலுக்குள் வருபவர் கண்ணில் படுபவை. அங்கே மலை ஆடுகிறது, காடு எரிகிறது, மிருகங்கள் ஓடுகின்றன. மேற்கு நெற்றிகளைப் பார்ப்பவர் மூலவர். அங்கே ஆசையும் அகந்தையும் ஒவ்வொரு ஆளாக வந்து அழிகின்றன.

மற்ற வாசல்களிலும் சண்டைதான். மேற்குப் பக்கம் வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரள, இராமன் வில்லோடு நிற்கிறான். திலோத்தமைக்காக அடித்துக்கொள்ளும் சுந்தனும் உபசுந்தனும் இருந்த நெற்றி இன்று பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில். பீமனும் துரியோதனனும் கதையோடு மோதும் நெற்றி புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில்.

தமிழர் தவறவிடக் கூடாத ஒரு நெற்றி கிழக்கு வாசலில் இருக்கிறது. பத்துக் கைகளை விரித்துச் சிவன் ஆடுகிறான். காலடியில் ஒரு பக்கம் வாத்தியக்காரர். இன்னொரு பக்கம் எலும்பும் தோலுமாக, மார்பு வற்றித் தொங்க ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார்தான். தன்னைப் பேய் என்றே சொல்லிக்கொண்டு ஆலங்காட்டு ஆட்டத்தைப் பாடியவர். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் அவரைப் பார்த்தவர்களுக்கு இங்கே அறிமுகம் தேவைப்படாது. ஆனால் கங்கைகொண்ட சோழபுரம் 11ஆம் நூற்றாண்டு. இந்தச் சிற்பம் அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. கோயிலின் கல்வெட்டு சமஸ்கிருதத்தில் இருக்கிறது, எழுத்து பல்லவர் எழுத்தின் வழியில் வந்த கெமர் எழுத்து. புராணமும் லிங்கமும் வடமொழி வழியாக வந்திருக்கலாம். காரைக்காலில் வணிகர் வீட்டில் பிறந்த பெண், வடமொழிக் காவியங்களில் இடமே இல்லாத பெண், தமிழர் சொல்லாமல் அங்கே போயிருக்க முடியாது. அத்தனை அழகிய மாதர்கள் நிற்கும் பெண்கள் கோட்டையில் அழகே வேண்டாம் என்று கேட்டு வாங்கியவரும் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த அழகிய மாதர்கள் பக்க விமானங்களின் மாடங்களில் நிற்கிறார்கள். நடு விமானத்தில் ஈட்டி ஏந்திய இளம் ஆண் காவலர்கள். பெண்களின் உடை எளிமை, தளர்ந்த மடிப்புகளோடு இடுப்பில் ஒரு துணி. காதில் கனமான தோடு காதைத் தோள்வரை இழுக்கிறது. இடுப்பிலிருந்து மணித் தொங்கல்கள். மாடத்தைச் சுற்றியுள்ள சுவரில் எள் போட இடமில்லாத பூவேலை, பெண்ணின் முகமும் தோளும் மட்டும் வழவழவென்று வெறுமையாக. அந்த வெறுமைதான் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. நெருக்கமான வேலைக்கு நடுவே எங்கே நிறுத்துவது என்பது அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருந்தது.

இதே பெண்கள்தான் கோயிலை உலகச் செய்தியாக்கினார்கள். 1914-இல் பிரெஞ்சு நில அளவைக் குழு ஒன்றின் மூலம் வெளியுலகுக்குத் தெரியவந்த கோயில் இது. 1923 டிசம்பரில் ஆந்த்ரே மால்ரோ என்ற இளைஞர் வந்து, தேவ மாதர்கள் இருந்த கற்களை அறுத்துப் பெயர்த்து மாட்டு வண்டியில் ஏற்றிக் கிளம்பினார். புனோம் பென்னில் பிடிபட்டார். கோயில் முறைப்படி பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லை என்று வாதாடிப் பார்த்தார்கள். மூன்றாண்டு சிறை என்று தீர்ப்பு, மேல்முறையீட்டில் குறைந்து கடைசியில் சிறைக்கே போகாமல் தப்பினார். பிற்காலத்தில் அதே மால்ரோ பிரான்சின் பண்பாட்டு அமைச்சர் ஆனார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கற்கள் கோயிலுக்குத் திரும்பின.

திருட்டு செய்த ஒரே நன்மை, அறிஞர்களின் கவனம் இங்கே திரும்பியது. அவர்களும் தவறினார்கள். இவ்வளவு முதிர்ந்த வேலை அங்கோரின் கடைசிக் காலத்தில்தான் வந்திருக்கும் என்று நினைத்து 13, 14ஆம் நூற்றாண்டு என்று கணித்தார்கள். கலை எளிமையில் தொடங்கி ஆடம்பரத்தில் முடியும் என்ற அனுமானம் அதன் பின்னால் இருந்தது. கல்வெட்டுகள்தான் அதை உடைத்தன. குறிப்பாக 1936-இல் கிழக்கு வாசல் பக்கம் கிடைத்த கல்வெட்டில் 967 என்ற ஆண்டு ஐயமில்லாமல் இருந்தது. அதாவது அங்கோர் வாட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தையது. இந்தக் கோயிலுக்குப் பிறகு 1000-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த அரசுக் கோயிலான தா கெயோ கிட்டத்தட்ட மொட்டையாக நிற்கிறது. கெமர்கள் கற்களை அடுக்கி முடித்த பிறகுதான் செதுக்குவார்கள். தா கெயோவில் அடுக்கிய வேலை முடிந்தது, உளி வேலை நின்றுபோனது.

1931-இலிருந்து 1936 வரை நடந்த புனரமைப்பும் பேச வேண்டிய விஷயம். அங்கோரின் பராமரிப்பைக் கவனித்த பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ஆன்றி மார்ஷால் ஜாவாவுக்குப் போய், அங்கே டச்சுக்காரர்கள் இடிந்த கோயில்களை மீட்கும் முறையைப் பார்த்து வந்தார். விழுந்த கற்களைச் சேகரித்து, தரையில் அடுக்கிப் பார்த்து, எது எங்கே பொருந்துகிறது என்று உறுதி செய்து, நிற்கும் பகுதியையும் பிரித்து மறுபடி அடுக்குவது. இல்லாத இடத்தில் மட்டும் புதுக்கல், அதையும் வேலைப்பாடு இல்லாமல் வெறுமையாக விட்டுவிட வேண்டும். அங்கோர் பகுதியில் இந்த முறையில் எழுந்த முதல் கோயில் இதுதான். கெமர்கள் சாந்து பூசாமல் கல்லோடு கல்லை உராய்த்துப் பொருத்தியவர்கள், ஆகவே பிரித்து அடுக்குவதற்கு இடம் இருந்தது. அலங்காரமும் கைகொடுத்தது. ஒரு கல்லில் பாதியில் அறுந்த கொடி, தன் மறுபாதி எந்தக் கல்லில் இருக்கிறது என்று தானே சொல்லிவிடும்.

அப்புறம் தண்ணீர். மழைநீர் உள்ளே தேங்கி அடிவரிசைக் கற்களை அரிப்பதைத் தடுக்க, 2000-க்கும் 2003-க்கும் இடையில் சுவிட்சர்லாந்து உதவியோடு வடிகால் போட்டார்கள். படிக்கட்டுகளில் உட்கார்ந்திருக்கும் காவலர்களில் அசலானவை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன, இங்கே இருப்பவை நகல். உள்மேடையைச் சுற்றிக் கயிறும் கட்டிவிட்டார்கள், விமானங்களின் அருகில் யாரும் போக முடியாது. அங்கோருக்குப் பக்கத்து நகரமான சியெம் ரீப்பிலிருந்து காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுங்கள், கிழக்கு வெயில் விழும்போது கல் சிவக்கும். ஒரு பைனாகுலரும் எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு மாடத்துப் பெண்களின் காது தோடுவரை பார்க்க வேறு வழியில்லை.